போதகரின் ஓய்வு விடுப்பு: திட்டத்தில் எவை இடம்பெற வேண்டும்?

கேள்வி எழுப்பியவர்: தனிமேய்ப்பர்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

ஒரே சபையில் பல ஆண்டுகளாகத் தனிப் போதகராக ஊழியம் செய்து வருகிறேன். உதவிப் போதகர் இல்லை. எனக்கு மூன்று மாத ஓய்வு விடுப்பு அளிக்க எங்கள் சபை நிர்வாகக் குழு கொள்கை அளவில் ஒப்புக்கொண்டு, அதற்கான திட்டத்தை எழுதித் தரும்படி என்னிடமே கேட்டிருக்கிறது. இதற்கு முன் எங்கள் சபையில் எந்தப் போதகருக்கும் இப்படி ஒரு விடுப்பு கொடுக்கப்பட்டதில்லை என்பதால், பார்த்து எழுத முன்மாதிரியும் இல்லை.

என் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலில் பெரிய நோய் எதுவும் இல்லை. ஆனால் சங்கீதத்தில் இரண்டு வசனம் வாசிப்பதற்குள் மனம் தானாகவே அதற்குத் தலைப்பு வைத்து, மூன்று குறிப்புகளாகப் பிரித்து, முடிவில் சொல்வதற்கு ஒரு சம்பவத்தையும் தேடத் தொடங்கிவிடுகிறது. எனக்கென்று வாசிக்க முடியவில்லை. துக்க வீட்டில் ஜெபிக்கும்போது வார்த்தைகள் ஒழுங்காக வருகின்றன; உள்ளே ஒன்றும் அசைவதில்லை. இரவில் கைபேசி ஒலித்தால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலைக்கு முன்பாக எரிச்சல் வந்து நிற்கிறது.

இந்த மூன்று மாதத்தில் பாதியில் நிற்கும் இறையியல் மேற்படிப்பை முடித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். இன்னொருவர் தியான இல்லம் ஒன்றில் தங்கச் சொல்கிறார். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தாள். சபையாருக்கு இதை எப்படி விளக்குவது, நான் இல்லாதபோது யார் எதைப் பார்த்துக்கொள்வது, விடுப்புக்குள் எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யக்கூடாது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.


பதில் அளித்தவர்: ஓய்வுபெற்ற ஆயர்

அன்பான போதகர் அவர்களுக்கு,

நானும் ஊழியத்தின் நடுவில் இத்தகைய விடுப்பு எடுத்தவன். பிறகு என் பொறுப்பில் இருந்த போதகர்கள் பலருக்கு அதற்கு வழி செய்து கொடுத்தவன். மேற்படிப்பு யோசனையைத் தயவுசெய்து திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். படிப்பு விடுப்பு என்பது வேறு, அதைத் தனியாகக் கேட்டுப் பெறலாம். களைத்துப்போன ஒருவர் ஓய்வுக்கென்று கொடுத்த காலத்தில் ஆய்வேட்டை முடித்தால், திரும்பி வரும்போது கையில் சான்றிதழ் இருக்கும், களைப்பும் அப்படியே இருக்கும். சபைக்கு எதையாவது காட்டியாக வேண்டும் என்ற கூச்சத்தால்தான் பெரும்பாலான போதகர்கள் இந்த யோசனைக்கு இணங்குகிறார்கள் என்பது என் கணிப்பு.

எலியா தீர்க்கதரிசியின் காரியத்தை நீங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருப்பீர்கள். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தின் வரிசையை ஒருமுறை திட்டம் போடுகிறவரின் கண்ணோடு பாருங்கள். போதும் கர்த்தாவே என்று சொல்லிச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டவருக்குத் தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்கள். அதன்பின் நாற்பது நாள் நடை. இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான், ஓரேப் மலையின் கெபியில் (குகையில்) கேட்கப்படுகிறது. நாமோ விடுப்பின் முதல் வாரத்திலேயே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் குறிப்பேட்டோடு உட்கார்ந்துவிடுகிறோம்.

ஆகவே முதல் மூன்று, நான்கு வாரங்களுக்குத் திட்டத்தில் எதையும் எழுதாதீர்கள். தூக்கம், நடை, வேளைக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். அந்த நாட்களில் உங்களுக்குச் சோர்வு குறைவதற்குப் பதிலாகக் கூடியதுபோலத் தோன்றலாம். காரணமில்லாமல் கோபம் வரலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பீர்கள். வேலை நின்றபின்தான் உடல் தன் கணக்கைக் கேட்கிறது. நான்கு வார விடுப்பு போதாது என்று நான் வாதாடுவதும் இதனால்தான்: களைப்பு வெளியே வந்து முடிவதற்குள் விடுப்பு தீர்ந்துவிடும். கனடா ஐக்கிய சபையில், ஒரே சபைப் பொறுப்பில் ஐந்து ஆண்டு ஊழியம் செய்தவருக்குக் குறைந்தது மூன்று மாதம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். இது ஆண்டு விடுமுறையிலிருந்து வேறானது என்பதையும் குழுவுக்குத் தெளிவாக எழுதுங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 533-ஆம் விதி பங்குத்தந்தைக்கு ஆண்டுதோறும் ஒரு மாதம் வரை விடுமுறை அனுமதிப்பதோடு, ஆண்டுத் தியானத்துக்குச் செல்லும் நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. விடுமுறை, தியானம், நீண்ட ஓய்வு ஆகிய மூன்றையும் ஒரே பையில் போட்டால், ஒன்று மற்ற இரண்டையும் விழுங்கிவிடும்.

நடு வாரங்களில் பிரசங்கத்துக்குப் பயன்படாத ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். தச்சு, தோட்டம், இசைக்கருவி, எதுவாக இருந்தாலும் சரி. கையால் செய்வதாகவும், நீங்கள் கற்றுக்குட்டியாக இருப்பதாகவும் இருக்கட்டும். வேத வாசிப்பைப் பொறுத்தவரை, சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். பேனாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். குறிப்புகள் மனத்தில் வரத்தான் செய்யும். எழுத ஒன்றும் இல்லையென்றால் சில வாரங்களில் அவை தாமாகவே தளர்ந்துபோகும்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மாற்கு 6-ல், வருகிறவர்களும் போகிறவர்களும் அநேகராயிருந்ததால் சாப்பிடக்கூடச் சமயமில்லாதிருந்த சீஷர்களை வனாந்தரமான ஓரிடத்தில் இளைப்பாற இயேசு அழைத்துப் போகிறார். படகு கரை சேருவதற்குள் ஜனங்கள் கால்நடையாய் ஓடி முன்னதாகவே அங்கே வந்து நிற்கிறார்கள். அந்த ஓய்வு கிடைத்ததாகத் தெரியவில்லை; அன்றைக்கே ஐயாயிரம் பேருக்குப் பந்தி நடந்தது. நீங்கள் எந்த மலைக்குப் போனாலும் உங்கள் கைபேசி உங்களுக்கு முன்னே கரையில் வந்து நிற்கும். எங்கே போவது என்பதைவிட, ஜனங்கள் யாரிடம் போவார்கள் என்பதைத்தான் திட்டத்தின் பெரும்பகுதி சொல்ல வேண்டும்.


பதில் அளித்தவர்: சபைச் செயலர்

ஆயர் ஐயா முடித்த இடத்திலிருந்து தொடர்கிறேன். எங்கள் சபையில் போதகருக்கு இவ்விடுப்பு கொடுத்தபோது நிர்வாகக் குழுவின் பக்கத்து வேலை என்னிடம் இருந்தது.

வாய்மொழி ஒப்புதலோடு கிளம்பாதீர்கள். தீர்மானமாக எழுதி, கூட்டக் குறிப்பில் பதிந்து, நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்பு தொடங்கும் நாள், முடியும் நாள், முழுச் சம்பளமும் படிகளும் வீட்டு வசதியும் தொடரும் என்ற உறுதி, ஆண்டு விடுமுறை இதில் கழிக்கப்படாது என்ற வாக்கியம், திரும்பியபின் குறைந்தது ஓராண்டு அதே சபையில் ஊழியம் தொடரப்படும் என்ற போதகரின் உறுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சபையாரின் சந்தேகத்துக்கு நேரடியான மருந்து. போதகர் வேறு இடம் பார்க்கத்தான் போகிறார் என்ற பேச்சு எந்தச் சபையிலும் எழும். தீர்மானத்தை வாசித்துக் காட்டினால் அது அடங்கிவிடும்.

பணம் முந்தின ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். விருந்தினர் பிரசங்கியார்களுக்கான காணிக்கையும் பயணச் செலவும் நினைப்பதைவிடக் கூடுதலாக வரும். அமெரிக்காவில் லில்லி அறக்கட்டளை போதகர்களின் புத்துணர்வு விடுப்புக்கு நல்கை அளிக்கிறது. அதற்கு விண்ணப்பிப்பது சபைதான். போதகர் இல்லாத காலத்தில் சபைக்கு ஆகும் செலவுக்கும் அதில் ஒரு பங்கைப் பயன்படுத்தலாம். இது சபையின் செலவு, போதகரின் சொந்தச் செலவல்ல என்ற எண்ணம் அங்கே முதலிலிருந்தே இருக்கிறது.

பொறுப்புகளைப் பிரிக்கும்போது பிரசங்க அட்டவணையோடு நிறுத்திவிடாதீர்கள், அது மிகச் சுலபமான பகுதி. அடக்க ஆராதனையை யார் நடத்துவார், திருவிருந்துக்கு அருட்பொழிவு பெற்ற ஒருவர் எங்கிருந்து வருவார், அந்த மாதங்களில் நிச்சயிக்கப்பட்ட திருமணங்களை யார் நடத்துவார், காசோலையில் உங்களுக்குப் பதில் யார் கையொப்பமிடுவார், படுத்த படுக்கையாக இருக்கும் விசுவாசிகளை வாரந்தோறும் யார் சந்திப்பார் என்று பெயர் பெயராக எழுதுங்கள். நோயாளிகளின் வீட்டுக்கு, பொறுப்பேற்கிறவரை நீங்களே ஒருமுறை உடன் அழைத்துப் போய் அறிமுகம் செய்துவிடுவது நல்லது. அவர்கள் பிறகு அந்நியரைப் பார்த்ததுபோல விழிக்க மாட்டார்கள்.

அவசரம் என்றால் என்ன என்பதையும் முன்னதாகவே தீர்மானித்துவிட வேண்டும். எங்கள் போதகரை அழைக்கும் உரிமை ஒரே ஒரு மூப்பருக்கு மட்டும் இருந்தது. யார் இறந்தாலும் செய்தி அவரிடம் போகும். போதகருக்குச் சொல்வதா, எப்போது சொல்வது என்று அவர் முடிவெடுப்பார். சபையின் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து போதகர் விலகியே இருந்தார். அறிவிப்பு ஒலியை மட்டும் நிறுத்திவைத்தால் கை தானாக அதைத் திறந்துவிடும். புதிய கட்டடம், புதிய ஊழியர், சபை விதித் திருத்தம் போன்ற பெரிய காரியங்கள் எதையும் அந்த மூன்று மாதத்தில் எடுப்பதில்லை என்று குழுவும் தன் பங்குக்குத் தீர்மானித்துக்கொண்டது.

காலத்தைப் பொறுத்தவரை, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களையும் கிறிஸ்துமஸ் மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள். மற்றபடி உங்கள் மனைவி மேசைமேல் வைத்த நாட்காட்டிதான் சரியான அளவுகோல்.


பதில் அளித்தவர்: கடைசி வரிசை

மாற்றுக் கருத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். போதகர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எங்கள் சபையில் தினக்கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானம் போய்விடும். அவர்கள் தரும் காணிக்கையில் சம்பளம் பெறுகிறவர் முழுச் சம்பளத்தோடு மூன்று மாதம் ஓய்வெடுக்கிறார் என்று அறிவிக்கும்போது, அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடிய வேண்டும். நிலத்துக்கு ஏழாம் வருஷத்தில் கொடுக்கச் சொன்ன ஓய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். லேவியராகமம் 25-ல் அந்த வருஷத்தின் பயன் நிலத்துக்காரனுக்கு மட்டும் உரியதாகச் சொல்லப்படவில்லை. வேலைக்காரனும், வேலைக்காரியும், கூலிக்காரனும், பரதேசியும், மிருகஜீவன்களும்கூட அதில் வருகிறார்கள். உபாகமம் 5-ல் ஓய்வு நாள் கட்டளைக்குக் காரணமே, உன்னைப்போல உன் வேலைக்காரனும் இளைப்பாற வேண்டும் என்பதுதான்.

இன்னொன்றையும் கேட்கிறேன். போதகர் வாரத்தில் ஒரு நாளாவது முழுமையாக ஓய்வெடுக்கிறாரா? அதை இத்தனை ஆண்டுகளாகச் செய்யாதவர், மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு அதே ஓட்டத்துக்குத் திரும்பினால், சில மாதங்களில் மறுபடியும் இங்கேயே வந்து நிற்பார். முதலில் வாராந்திர ஓய்வைச் சபை ஒழுங்காகக் கொடுக்கட்டும்; நீண்ட விடுப்பை அதன்பின் பேசலாம் என்பது என் எண்ணம்.


பதில் அளித்தவர்: போதகரின் துணைவி

போதகர் ஐயாவுக்கும், குறிப்பாக நாட்காட்டியை மேசைமேல் வைத்த சகோதரிக்கும் இதை எழுதுகிறேன்.

திட்டத்தில் எல்லாரும் போதகரைப் பற்றியே எழுதுகிறார்கள். பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பள்ளி, வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேநீரும் காதும் கொடுப்பது என்று சம்பளமில்லாத ஊழியம் ஒன்றை அந்தச் சகோதரியும் செய்துகொண்டிருப்பார். போதகர் விடுப்பில் போனால் அவரிடம் சொல்ல முடியாததெல்லாம் இவரிடம் வந்து சேரும். ஆகவே தீர்மானத்தில், போதகரின் மனைவியும் அந்த மூன்று மாதம் எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவிக்கப்படுகிறார் என்று ஒரு வரி வேண்டும். எங்களுக்கு அந்த ஒரு வரிதான் மிகவும் உதவியது.

போதகர் இல்லத்திலேயே தங்கி ஓய்வெடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அழைப்புமணி ஒலிக்கும், ஐயாவைத் தொந்தரவு செய்ய வரவில்லை, ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் என்பார்கள். பிள்ளைகளின் பள்ளியால் முழுக் காலமும் வெளியே தங்க முடியாதென்றால், முதல் சில வாரங்களாவது வேறிடத்தில் இருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களை யாரும் அறியாத ஒரு சபைக்குக் குடும்பமாகப் போய் உட்காருங்கள். எங்கள் மகள் ஆராதனை முடிந்ததும், அப்பா யாரிடமும் பேசாமல் நம்மோடு நேராக வெளியே வந்துவிட்டார் என்று ஆச்சரியத்தோடு சொன்னாள். அவள் வயதில் அதை அதற்குமுன் பார்த்ததில்லை.


பதில் அளித்தவர்: மேய்ப்புப்பணி ஆலோசகர்

சுருக்கமாக ஒன்று மட்டும். விடுப்புக்கு நாள் குறிப்பதற்கு முன் மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், பணிச்சோர்வை ஒரு நோயாகச் சேர்க்காமல் வேலையோடு தொடர்புடைய நிலையாகவே விளக்கியிருக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், செய்கிற வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மேல் கசப்புக்கொள்ளுதல், செய்வதில் பயனில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றும் அதன் கூறுகள். நீங்கள் எழுதிய துக்க வீடும் இரவு அழைப்பும் முதல் இரண்டோடும் பொருந்துகின்றன. இத்தகைய சோர்வைப் பற்றி 1974-இல் எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையத்தில் ஈடுபாட்டோடு உழைத்தவர்களிடம் அதைக் கண்டார் என்பதால், இது சோம்பேறிகளுக்கு வருவதல்ல என்பதும் விளங்கும்.

ஆனால் மனச்சோர்வு நோய் வேறு. எந்தக் காரியத்திலும் மகிழ்ச்சியின்மை, தொடர்ந்த தூக்கக் கேடு, வாழ்வதில் விருப்பமின்மை ஆகியவை இருந்தால் தேவைப்படுவது சிகிச்சை. விடுப்பு அதற்கு மாற்றாகாது. வேலை நின்று தனிமையும் சேர்ந்தால் அது சிலருக்குக் கூடவும் செய்யும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் தம் உள்ளச் சோர்வைப் பற்றி மாணவர்களிடம் வெளிப்படையாகவே பேசியவர். குளிர்காலங்களில் சபையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு பிரான்சின் தென்கரையிலுள்ள மென்டோனுக்குப் போய் ஓய்வெடுத்தவர். 1892-இல் அவர் மரித்ததும் அங்கேதான்.


கேள்வி எழுப்பியவரின் மறுமொழி: தனிமேய்ப்பர்

அனைவருக்கும் நன்றி. மேற்படிப்பைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டேன். மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். என் மனைவிக்கான அந்த ஒரு வரியைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லி எங்கள் சபையின் செயலரிடம் பேசினேன். அவர் யோசிக்காமல் ஒப்புக்கொண்டார்.

கடைசி வரிசைச் சகோதரருக்கு: நீங்கள் எழுதியதைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். வாராந்திர ஓய்வு நாள் எனக்குத் தாளில் மட்டுமே இருக்கிறது என்பது உண்மை. அது விடுப்புக்கு முன்பே, வரும் மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரும். அன்று வரும் அழைப்புகளை மூப்பர்கள் முறைவைத்து எடுப்பார்கள். விடுப்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்ற உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சபையின் உதவி நிதியிலிருந்து, நோயுற்று வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று பொருளாளர் கணக்குப் பார்க்கிறார். விடுப்பை அறிவிக்கும் அதே ஞாயிறு அதையும் அறிவிக்க முடிந்தால் நல்லது என்று விரும்புகிறேன்.

திரும்பி வருவதைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே?


பதில் அளித்தவர்: ஓய்வுபெற்ற ஆயர்

நல்ல கேள்வி, திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவது அதுதான்.

விடுப்பு முடிந்த முதல் ஞாயிறு பிரசங்கம் செய்யாதீர்கள். பிரசங்க அட்டவணையை ஒரு வாரம் கூட்டியே போடச் சொல்லுங்கள். அன்று சபையோடு சபையாக உட்காருங்கள். முதல் இரண்டு வாரம் அலுவலகத்தில் பாதி நேரம் போதும். செயலரும் மூப்பர்களும் மூன்று மாதத்தில் நடந்ததைச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். சில காரியங்கள் உங்கள் காலத்தைவிட நன்றாக நடந்திருக்கும். விருந்தினர் பிரசங்கியார் ஒருவரைச் சபையார் வாய் நிறையப் புகழ்வார்கள். அதைக் கேட்கும்போது முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கொஞ்சம் பயிற்சி தேவைப்படும்!

பிரித்துக் கொடுத்த பொறுப்புகளை மொத்தமாகத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். ஓரேபிலிருந்து அனுப்பப்பட்டபோது எலியாவுக்குக் கிடைத்த கட்டளைகளில் ஒன்று, தமக்குப் பதிலாகத் தீர்க்கதரிசியாக எலிசாவை அபிஷேகம்பண்ணுவது. நோயாளிகளைச் சந்தித்த மூப்பர் அதைத் தொடர விரும்பினால் தொடரட்டும், காசோலைக் கையொப்பமும் உங்களிடம் வர வேண்டியதில்லை. எதைத் திரும்ப ஏற்பது, எதை விட்டுவிடுவது என்று பேச, திரும்பிய ஆறாவது வாரத்தில் குழுவோடு ஒரு கூட்டத்துக்கு இப்போதே நாள் குறித்துத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். அப்போதைக்கு விட்டுவைத்தால் அந்தக் கூட்டம் நடக்காது.